சைக்கிளுக்கும் நாய்க்கும் நடுவே

1947 நவம்பர் 3, திங்கள்

விடியும் முன்பே தூறல். சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பின் பிரேக் பிடிக்கவில்லை, கட்டை மாற்ற வேண்டும். நாயைக் கட்டக் கொடிக்கயிற்றில் பாதி அறுத்தாயிற்று. மரகதத்திடம் சொல்லவில்லை. துணி உலர்த்தும்போது தெரிந்துகொள்வாள்.

நேற்று வீட்டுக்கார நாயுடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மிகவும் மரியாதையாக. மரியாதையாக வருகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"தப்பா நெனைக்காதீங்க சார். மாமியார் படுத்த படுக்கையா கீறாங்க. உங்க நாய் தெனம் விடியக்காலம் ஊளை உடுது. எமன் வர்றது அதுங்க கண்ணுக்குத் தெரியும்னு வீட்டுல அழுவுறாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி நாய் வண்டிக்குச் சொல்லி அனுப்பிடுவேன்."

நாய் வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

எங்கள் ஆபீஸ் துரையின் பங்களாவில் தினம் விடியற்காலை ஓடிப் பழகிய நாய். ஓடவிட்டால் அடங்கலாம். என் முழங்காலை வைத்துக்கொண்டு நடக்க முடியாது. ஆகவே சைக்கிள்.

துரை. அவன் கப்பலேறி இரண்டு மாதமாகிறது. பெரிய குமாஸ்தா நாற்காலி உனக்குத்தான் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொன்னான். நாற்காலி ராகவனுக்குப் போயிற்று. எனக்கு நாய். புறப்படும்போது பியானோவை விற்றான், காரை விற்றான். குதிரையைத் தன் கையாலேயே சுட்டான், கண்டவனிடம் போய்ச் சீரழியக் கூடாதாம். நாயைச் சுட மனம் வரவில்லையாம். வாரை என் கையில் கொடுத்து, "உன்னைப்போலவே விசுவாசமானது" என்றான். இங்கிலீஷில் அது இன்னும் நன்றாகக் குத்தியது.

பலன்: மந்தைவெளி முனை வருவதற்குள்ளேயே விழுந்தேன். என் இடப்பக்கம்தான் கட்டினேன், அது இன்னும் இடப்பக்கம் சாக்கடை வரை இழுக்கிறது. முழங்கையில் டிங்சர், எரிச்சல். வீடு திரும்பியதும் ஊளை.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. கயிறு இல்லாமல் முயன்றேன். சட்டைப்பையில் தோசைத் துண்டுகள். கிட்டே வருகிறது, துண்டை வாங்குகிறது, பழையபடி விலகிப் போகிறது. எனக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஒரே அளவு இடம். தீட்டா எனக்கு?

இன்னொன்று. ஓடும்போது அண்ணாந்து பார்க்கிறது. என் முகத்தை அல்ல, என் தலைக்கு மேலே. வாசலில் நின்ற மரகதமும் கவனித்தாள்.

"ஏங்க, உங்க தலைக்கு மேல என்னத்தங்க பாக்குது?"

"துரையை."

"சும்மா இருங்க, பயமா இருக்கு."

அவன் ஆறடிக்கு மேல். ஊரை விட்டுப் போன பிறகும் என் தலைக்கு மேலேதான் நிற்கிறான்.

நவம்பர் 5, புதன்

அடைமழை. போகவில்லை. ரேஷன் அரிசியில் புழு. விடியற்காலை ஊளை நீளம். மாடியில் யாரோ விசும்பினார்கள்.

ஆபீசில் ராகவன், எல்லார் முன்னாலும்: "என்ன ஓய், துரை எழுதிவெச்சுட்டுப் போன சொத்து க்ஷேமமா?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

இருட்டோடு அடையாறு பாலம் வரை. பாலத்துக்குச் சற்று முன்னால் ஆற்றுக்கு ஒரு மணல் தடம் இறங்குகிறது. நாய் அங்கே நின்றுவிட்டது. காது நிமிர்ந்து, ஒரு முன்கால் தூக்கியபடி. யாரோ பின்தங்கிவிட்டதுபோல, வந்து சேரட்டும் என்பதுபோல.

கோபம் வந்தது. துரையின் குரலில், அவன் மூக்கால் பேசுகிற மாதிரியே, "கம் அலாங்!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக வரும். நாய் காதைக்கூடத் திருப்பவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம். கனமான மூச்சு, மனிதனுடையது அல்ல. திரும்பினேன். ஆற்று வாடை, பனி, வேறொன்றுமில்லை. நான் பயப்படவில்லை. வீடு வரும் வரை பெல் அடித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மேகமூட்டம். பாலத்திலிருந்து திரும்புகையில் ஒரு காலி ஜட்கா. நாய் என்னை விட்டுவிட்டு அந்தக் குதிரையின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. அண்ணாந்து குதிரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, குதிரையின் வேகத்துக்கே ஓடிற்று. வால் நிமிர்ந்திருந்தது. அந்த வால் நிமிர்ந்து நான் பார்த்ததேயில்லை.

ஜட்காக்கார சாயபு வெற்றிலை வாயோடு, "இன்னா சார், உன் நாயா? உன்ன உட்டுட்டு என் கெழவனாண்ட ஒட்டிக்கினு வருது?"

"கூப்பிட்டால் வராது."

"அப்டின்னா குடுத்துடு நைனா. கெழவனுக்கும் பேச்சுத் தொணை இல்ல."

கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாயுடுவின் தொல்லை அதோடு ஒழியும். மந்தைவெளி முனையில் வண்டி நின்றது. நாய் குதிரையின் முன்னால் போய் நின்று மூக்கை நீட்டியது. குதிரையும் குனிந்தது. வெகுநேரம் முகர்ந்தது நாய். பிறகு வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தது.

அது தேடுவது இந்தக் குதிரையை இல்லை.

"வராது சாயபு" என்றேன்.

என் தலைக்கு மேலே அது பார்த்தது ஒரு குதிரையின் முகத்தை. துரையை அது தேடவே இல்லை. தெரிந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், மறைப்பானேன். சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. குதிரையைச் சுடும்போது நாய் எங்கே இருந்தது? அவன் கட்டிப்போட்டானா இல்லையா?

நவம்பர் 8, சனி

பனி. கயிறு வேண்டாம், தோசை வேண்டாம். நான் நடுரோட்டுக்கு நகர்ந்து, இடப்பக்கம் ஒரு குதிரை போகிற அளவு இடம் விட்டுக்கொண்டு மிதித்தேன். நாய் ஓரமாக வந்தது. இழுபறி இல்லை. நான் வேகம் கூட்டினால் அது கூட்டுவதில்லை, ஆகவே அதன் வேகத்துக்கு நான். தாளம் பிடிபட்டது.

மணல் தடத்தில் நின்றது. நானும் இறங்கி நின்றேன். மறுபடி அந்த மூச்சு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இல்லாமல் போய்விடும் என்று தோன்றிற்று. பிறகு நாயே கிளம்பியது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊளை இல்லை. மரகதம் கொடிக்கயிற்றைப் பற்றிக் கேட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

வானம் வெளுப்பு. எழுப்பாமலே நாய் வாசலில் தயார். இன்றைக்கும் ஊளை இல்லை. படியில் நாயுடு. நன்றி சொல்ல வருகிறார் என்று பார்த்தால், "சார், நாய் கீதா போயிடுச்சான்னு மாமியார் கேக்குறாங்க. அது கத்துனாத்தான் பொழுது விடிஞ்சது தெரியுமாம்." இவர்களை என்ன செய்வது.

"இருக்கிறது. இங்கேதான் இருக்கும்" என்றேன்.

பாலத்துக்குப் போகும் வழியில் பின்னாலிருந்து பெல். கேன் கட்டிய சைக்கிளில் ஒரு பால்காரன். எனக்கும் நாய்க்கும் நடுவே புகுந்து போகப் பார்த்தான். நாய் குரைப்பதற்கு முன்னால் நான் கத்தினேன். "ஏய், அங்கே வராதே!"

காலை ஊன்றி நின்றான். "இன்னாத்துக்கு சார் கத்துற? காலியாத்தானே கீது? அங்க இன்னா வச்சிக்கினு கீற?"

நாய் திரும்பிப் பார்த்தது. தலைக்கு மேலே அல்ல, என்னை.

பால்காரனை வலப்பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னேன்.