சோதனைக்கு வைத்த நெஞ்சு

ஒக்டோபர் 8

காலையிலிருந்தே தூறல். குடைக் கம்பி ஒன்று முறிவு. அரை நாள் லீவு போட்டு ஆசுபத்திரி.

மாதமொரு முறை வெளியூரிலிருந்து வரும் இருதய டாக்குத்தர். இம்முறை தனியாக இல்லை. பின்னால் டாக்குத்தருக்குப் படிக்கும் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம். நான் திரைக்குப் பின்னால் கட்டிலில். ஒவ்வொருவராக வந்து குளிர்ந்த குழாயை நெஞ்சில் வைத்தார்கள். இடப்பக்கம் சரிந்து படு. மூச்சைப் பிடி. விடு. ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்ட ஒருவனுக்கு ஏதோ கேட்டுவிட்டது, லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரிச் சிரிப்பு.

"நல்ல கேஸ்" என்றார் டாக்குத்தர். நல்ல கேஸாம்!

நாள் முழுக்க இங்கிலீசுக் கடிதம் தட்டெழுதுகிறவள் நான். இவர்களுடைய வைத்தியச் சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் டாக்குத்தர் சொன்ன ஒரு வசனம் மட்டும் சாதாரண இங்கிலீசு. பிள்ளை உண்டானால் இவள் தாங்க மாட்டாள் என்று. கட்டிலில் கிடக்கிறவளுக்கு இங்கிலீசு விளங்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காதில் விழாதவள் போல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

போகும்போது வார்ட் தாதி, மிஸி, பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, பூரணைப் போயா கழிஞ்ச மற்ற நாள் திரும்ப வாங்கோ. பிள்ளையளுக்குச் சோதினை. ஒண்டு மட்டும் கவனம். உங்கட வருத்தம் என்னெண்டு அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவையளாக் கண்டுபிடிக்கோணும்."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே மிஸி சொல்லுறதுக்கு."

விழுந்து விழுந்து சிரித்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள் போல.

வாங்க வேண்டியது: சவுக்காரம், ரிபன், அண்ணிக்கு நூல்.

ஒக்டோபர் 9

வெயில். வேலைக்குப் போகும் வழியில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் வழக்கம்போல இரண்டு தரம் நின்றேன், துறைமுகத்தில் கப்பல் பார்க்கிறவள் மாதிரி. கூட வேலை செய்யும் ராணி: "என்னடி, கப்பல்ல ஆரோ இருக்கினம் போல?" ஓமடி, இருக்கினம். மூச்சு வந்தால் பெயரும் சொல்லுவேன்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடம் நேரே கேட்டேன், எனக்கு என்ன வருத்தம் என்று. அப்பா போனபின் வீட்டில் எல்லாம் அவன்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்குத்தரிடம் கதைக்கிறவனும் அவன்தான்.

"ஒண்டுமில்லை. ரத்தம் குறைவு. முருங்கையிலை சாப்பிடு."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். தையில கலியாணத்தை வைச்சுக்கொண்டு தேவையில்லாத கதை கதைக்காதை."

அண்ணி சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. சட்டியில் சொதி நிறைய இருந்தது.

முருங்கையிலையாம்.

ஒக்டோபர் 15

கோபம் இன்னும் ஆறவில்லை. பயமும் கொஞ்சம்.

சோதனை நாள். வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கொரு நோயாளி. என் கட்டிலுக்கு முதலில் வந்தவள் ஒற்றைப் பின்னல் போட்ட பெண், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பக்கத்தில் சோதனைக்கென்று திரும்ப வந்த அதே டாக்குத்தர், கையில் மணிக்கூடு. அவள் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். நான் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கழற்றும்" என்றார் டாக்குத்தர்.

"ஏலாது ஐயா. முதல்ல எனக்கு என்ன வருத்தமெண்டு சொல்லுங்கோ."

மிஸி ஓடிவந்தாள். "தங்கச்சி, சோதினை நடக்குது, குழப்பாதேங்கோ!"

"நானில்லாமல் சோதினை இல்லைத்தானே. சொல்லட்டும், கழற்றுறன்."

டாக்குத்தரின் முகம் சிவந்துவிட்டது. "உம்மட அண்ணர் சொல்ல வேண்டாமெண்டு கேட்டவர். நீர் பயந்திடுவீர் எண்டு."

"நெஞ்சு ஆற்ற ஐயா? என்ரயோ, அண்ணன்ரயோ?"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பிள்ளை உண்டானால் நான் தாங்க மாட்டேன் என்று போன கிழமை அவர் இங்கிலீசில் சொன்னதை அந்த இங்கிலீசிலேயே திருப்பிச் சொன்னேன். மனுசன் மணிக்கூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"சரி. கேட்டுப்போட்டு நீர் சொல்லும். எனக்கில்லை, இவவுக்கு. தமிழில. அதுதான் உமக்கு இண்டைக்குச் சோதினை."

பொத்தானைக் கழற்றினேன். கேட்டாள். இங்கிலீசில் கடகடவென்று ஒப்புவிக்கப் போனாள், டாக்குத்தர் கையைக் காட்டித் தடுத்தார். பாவம், வியர்த்துக் கொட்டியது. "அக்கா... இருதயத்துக்குள்ள ஒரு... கதவு..."

"வால்வோ? சைக்கிள் ரியூப்பில கிடக்கிற மாதிரி?"

"ஓமோம், வால்வு! அது சுருங்கிப் போச்சு. சின்னனில உங்களுக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்ததோ?"

வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தவணை முழுக்கப் போகவில்லை. அந்தக் காய்ச்சல் முழங்காலை விட்டுப் போனாலும் நெஞ்சில் வடு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இரத்தம் ஒழுங்காக இறங்காமல் நுரையீரலில் தேங்குகிறது, அதுதான் மூச்சு வாங்குகிறது. கொழும்பில் விலாவைத் திறந்து, இருதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டியிருக்கிற வால்வைப் பிரித்து விடுவார்களாம். விரலை! இப்படிச் செய்யத் தொடங்கி கனகாலமில்லை, ஆனால் நன்றாகச் செய்கிறார்கள் என்றாள். செய்யாமல் பிள்ளை பெற்றால் பிழைப்பது கடினம்.

"எல்லாரும் எழும்பி வருகினமோ?"

அவள் டாக்குத்தரைப் பார்த்தாள். அவர் என் பக்கம் தலையை ஆட்டினார். "எல்லாரும் இல்லை அக்கா. கனபேர்."

அந்த ஒரு பதிலுக்காகவே அவளைப் பாஸ் பண்ண வேண்டும். குழாயைக் கேட்டேன், தந்தாள். என் நெஞ்சை நானே கேட்டேன். ஒரு அடிப்பு, பிறகு தூரத்தில் லொறி உருளுகிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை வருடமாக ஊரார் எல்லாம் கேட்டது, எனக்கு மட்டும் இன்றைக்கு.

ஒக்டோபர் 16

வீட்டில் பெரிய சண்டை. அண்ணன் கதிரையைத் தள்ளி விழுத்தினான். "நெஞ்சில வெட்டுக்காயத்தோட உன்னை ஆர் கட்டுவான்? கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்."

"பிறகு பாக்க நான் இருக்கமாட்டன். கொழும்புக்குப் போறன். நீ வந்தாலும் சரி, வராட்டிலும் சரி."

அண்ணி குசினிக்குள் கூப்பிட்டு அழுதா. "எனக்கும் தெரியும் பிள்ளை. அவர் வாய் திறக்க விடேல்லை." அவவோடு கோபிக்க முடியவில்லை. முருங்கையிலை வறையை மட்டும் தொடவில்லை.

ஒக்டோபர் 18

லீவு. மூதூருக்கு லோஞ்சுப் படகு. கடல் கொஞ்சம் குழப்பம், ஒரு கிழவர் சத்தி எடுத்தார். எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அங்கேதான் படிப்பிக்கிறார். பள்ளிக்கூட வாசலில் வைத்து எல்லாம் சொன்னேன். வால்வு, விரல், தழும்பு. தழும்பு எவ்விடத்தில் வரும் என்பதையும் சொன்னேன். வெட்கத்தை லோஞ்சிலேயே விட்டுவிட்டேன்.

கையிலிருந்த வெண்கட்டியை உருட்டிக்கொண்டே நின்றார். "யோசிச்சுச் சொல்லுறன்."

நல்ல மனுசன்தான். யோசிக்கட்டும். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

நவம்பர் 2

மழை. என் சாதகம் திரும்பி வந்தது. அவருடைய தாயார் கொடுத்துவிட்டா, ஒரு சொல்லும் இல்லை.

அழுதேன். ஏன் பொய் எழுத வேண்டும், தலையணை நனைய அழுதேன். பிறகு பசித்தது. பாணும் சம்பலும்.

நவம்பர் 19

கொழும்பு. பெரிய வார்ட், பெரிய இரைச்சல். அண்ணன் கடைசியில் கூடவே வந்தான். ரயிலில் பையை என்னைத் தூக்க விடவில்லை. இப்போது வெளியே மர வாங்கில் இருக்கிறான்.

நாளைக்குச் சத்திரசிகிச்சைக்கு முதலாவது ஆள் நான்.

இங்கேயும் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். முதலே இங்குள்ள மிஸியின் கட்டளை, வருத்தத்தைச் சொல்லக் கூடாது என்று. ஒருவன் குனிந்து, கொச்சைத் தமிழில் மெதுவாக: "அக்கா, என்ன வருத்தம்?"

சொன்னேன். முழுக்க, சத்தமாக, கடைசிக் கட்டிலுக்கும் கேட்கத்தக்கதாக. மிஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் கிண்ணியா முஸ்லிம் அக்கா, ராத்தா, என் கையைப் பிடித்தா. வந்து ஒரு மாதமாம். "தங்கச்சி, உனக்கு எல்லாம் தெரிஞ்சிரிக்கு. எனக்கு என்ன வருத்தமெண்டு எங்கட புரிசனுக்குத் தெரியும், டாக்குத்தருக்குத் தெரியும். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. கேட்டுத் தருவியா?"

பெரிய டாக்குத்தர் காலை ஆறு மணிக்கு வருவார். என்னைக் கொண்டுபோகத் தள்ளுவண்டில் ஏழு மணிக்கு. வண்டிலில் ஏறுமுன் ராத்தாவுக்காகக் கேட்டுவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஏற மாட்டேன்.