வாசல் கமரா

ஒக். 14, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். புடவைக் கடையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் அந்த லண்டன்காரி புருஷனோடு வந்தாள். சனிக்கிழமை பிளவுஸ் போட்டுப் பார்த்த அறையில் தங்கக் கைச்சங்கிலியைக் கழற்றி வைத்தாளாம். காணவில்லையாம். பிறகு அங்கே போய் உடுப்புகளை அள்ளி வந்தது எங்கள் சேல்ஸ் பிள்ளை சுகன்யா.

"அவள்தான் எடுத்தவள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். பிறகு பொலிஸ்" என்றான் புருஷன்.

"நான் எடுக்கல்ல மொதலாளி." சுகன்யா சொன்னது அவ்வளவுதான். விஷயம் முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினேன். ஓட்டோக் காசு நீட்டினேன். வாங்கவில்லை.

கமராப் பதிவுப் பெட்டியைப் போட்டால் படம் இல்லை. உள்ளே டக், டக். முன்பு அது கீக் கீக் என்று கத்தியபோது, தொல்லை என்று சத்தத்தின் வயரைப் பிடுங்கச் சொன்னவன் நான்தான். ஹாட் டிஸ்க் பழுதாகிறது என்ற எச்சரிக்கையாம் அது. மடத்தனம்.

ஒக். 15, செவ்வாய்
நேற்று முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அதைவிட மடத்தனம். டிஸ்கைப் பம்பலப்பிட்டியில் கம்பியூட்டர் திருத்தும் சிங்களப் பொடியன் நிஷாந்தவிடம் கொடுத்தேன்; அவனுக்கு நான் அய்யே, அண்ணன்; எனக்கு அவன் மல்லி, தம்பி. "அய்யே, இனி ஓன் பண்ண வேணாம். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சம் சாகுது."

வீட்டில் மனைவி வசந்தி: "தீபாவளி வியாபார நேரம் ஏன் இந்தக் கரைச்சல்? அந்தப் பிள்ளையை நிப்பாட்டிவிடுங்கோவன்."

சுகமான வழி. யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஒக். 16, புதன்
மழை. வாங்க: ஹாங்கர், பில் ரோல், டெட்டோல்.

நிஷாந்த கோல் எடுத்தான். டிஸ்க் கனக்க நேரம் தாங்காது, எல்லாக் கமராவும் எடுக்க ஏலாது. "எது முதல்ல, அய்யே?"

போட்டுப் பார்க்கும் அறைப் பக்கத்து உள் கமரா என்றாள் வசந்தி. கணக்குப்பிள்ளையும் அதையே சொன்னார். அதில் என்ன தெரியும்? திரைச்சீலை. சுகன்யா உடுப்புக் குவியலோடு வெளியே வருவது. குவியலுக்குள் கை. அதை வைத்து யாரும் எப்படியும் கதைக்கலாம். வாசல் கமரா என்றேன். கொண்டு வராத சாமானை ஒருத்தரும் களவெடுக்க ஏலாது.

"ஷுவர்தானே அய்யே? மத்தது கிடைக்காமப் போகும்."

"ஓம் மல்லி, எடு." ஷுவர் இல்லை. லண்டன்காரி சங்கிலியைப் போட்டு வந்திருந்தால் சுகன்யாவின் கதை முடிந்தது.



ஒக். 17, வியாழன்
டிஸ்க் செத்துவிட்டது. உள் கமரா ஒரு துண்டும் இல்லை. வாசல் கொஞ்சம், உடைந்து உடைந்து. ஆனால் லண்டன்காரி நுழைவது இருக்கிறது. குடையை மடக்கி உதறுகிறாள். கட்டைக் கைச் சட்டை. இரண்டு மணிக்கட்டும் வெறும்.

நிஷாந்த கதிரையில் சாய்ந்து சிரித்தான். அந்தத் துண்டை இன்னொருக்காப் போடச் சொன்னேன்.

புருஷனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் கோடு. பிறகு: "சொறி அண்ணை. நாங்க வந்து நிக்கிற பாமன்கடை வீட்டிலதான் கிடந்தது. சூட்கேஸுக்குள்ள."

சூட்கேஸுக்குள்ள.

ஒக். 18, வெள்ளி
வெயில். கோயில் போகவில்லை. சுகன்யாவுக்குக் கோல் எடுத்தேன். "பிள்ளை, வீடியோ பாத்தன். நீ எடுக்கேல்ல. நாளைக்கு வேலைக்கு வா." பரிசு கொடுப்பவன் மாதிரி ஒரு குரல் எனக்கு.

அந்தப் பக்கம் குக்கர் விசில். பிறகு கேட்டாள்:

"வீடியோ கெடைக்காமப் போயிருந்தா, மொதலாளி?"

பேலியகொடை முதல் துபாய் வரை பேரம் பேசிய வாய். லைன் கிளியர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கிளியராகத்தான் இருந்தது.