யாருக்காக வளர்த்த தாடி

அன்பு மகன் அஸ்கர் அலிக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மஸ்கட் ரூவியில் நானும் உன் தங்கை அஃப்னாவும் சுகம், அமெரிக்காவில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். கடையில் வியாபாரம் சுமார்தான், வெயில் குறைந்துவிட்டது, என் முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதி, இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்ப அஃப்னாவிடம் சொல்கிறேன்.

போன மாதம் வீடியோவில் உன் தாடியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழுகையை விட்ட பிள்ளையின் மனதை அல்லாஹ் திருப்பிவிட்டான் என்று நினைத்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். பக்கத்துக் கடை முகம்மது யூசுப், உங்க துஆ வீண்போகல கபீர் காக்கா என்று என்னைக் கட்டிக்கொண்டார். இந்த வாரம் பார்த்தால் உன் முகம் வழுவழுவென்று இருக்கிறது. அஃப்னாவைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அது பேஸ்பால் தாடி வாப்பா, பிடிச்ச டீம் ஆடி முடிக்கிற வரைக்கும் ரசிகருங்க ஷேவ் பண்ண மாட்டாங்க, தோத்ததும் எடுத்தாச்சு என்கிறாள். மேட்ச் அன்று துவைக்காத ஒரே சட்டையைத்தான் போடுவாயாம், ஜெயிக்கும் என்று வாயால் சொல்லவே கூடாதாம். நேர்ச்சை, பேணுதல், சகுனம் எல்லாம் இருக்கிறதே, இது விளையாட்டா மார்க்கமா என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யூசுபிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் சுற்றுவழியில் கடைக்குப் போய்வருகிறேன். சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

நீ அங்கே போன நாள் முதல் அந்த டீம் ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கவில்லையாமே. ஒவ்வொரு வருடமும் அழுதுவிட்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மறுபடி போய் உட்காருகிறாயாமே. இதைக் கேட்டுத்தான் இன்னும் குழம்பிப்போனேன். உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் துஆ கேட்டோம். உம்மா போய்விட்டாள், அதோடு நீ தொழுகையை நிறுத்திவிட்டாய். தோற்றுக்கொண்டே இருக்கிற டீமிடம் காட்டுகிற பொறுமையை அல்லாஹ்விடம் ஏன் காட்டவில்லை மகனே? திட்டவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வியாழக்கிழமை உம்மாவின் ஆண்டு ஃபாத்திஹா, மறந்துவிடாதே. உனக்குத் தொழ மனம் வராவிட்டால் போகட்டும், போனில் மட்டும் இரு. நான் துஆ கேட்கிறேன், நீ ஆமீன் சொல். உம்மா போனதிலிருந்து தனியாகக் கேட்க எனக்கும் முடியவில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா
அகமது கபீர்
ரூவி, மஸ்கட்