பருத்தித்துறையிலை தேடச் சொல்லுங்கோ

இஞ்சேருங்கோ,

நான் வேலைக்குப் போட்டு வாறன். உங்களை எழுப்ப மனமில்லை. குசினியிலை கத்தரிக்காய்க் குழம்பு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

உங்கடை பிறப்புப் பதிவு இல்லையெண்டு யாழ்ப்பாணக் கச்சேரிப் பதிவு அலுவலகத்திலை இருந்து கடிதம் வந்த நாள் முதல் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறியள். பிறந்த இடம் சாவகச்சேரி எண்டு எழுதினால் எப்பிடிக் கிடைக்கும்? அது நீங்கள் வளர்ந்த ஊர். நீங்கள் மூத்த பிள்ளை. தலைப்பிள்ளையைப் பெற மாமி பருத்தித்துறைக்கு, தன்ரை தாய்வீட்டுக்குத்தானே போயிருப்பா? அங்கை தேடச் சொல்லி இண்டைக்கே எழுதுங்கோ. ஊருக்கு எழுத எயார் லெற்றர் தாள் ரேடியோவுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். கட்டாயம் கிடைக்கும். அந்தப் பதிவைக் குடுத்தால் உங்கடை வேலையும் நிரந்தரமாகும்.

ரஞ்சிதம்

பிறகு நினைச்சது: என்னையும் பிள்ளைப்பேறுக்கு ஊருக்கு, அம்மாவிட்டைப் போகச் சொல்லி நேற்றுச் சண்டை பிடிச்சியளெல்லோ? நான் போகமாட்டன். எங்கடை பிள்ளை உங்களுக்குப் பக்கத்திலை பிறக்கட்டும். பிறந்த இடம் மெல்பேண் எண்டு நீங்களே போய்ப் பதிஞ்சு குடுங்கோ.

அதையாவது பிழையில்லாமல் எழுதுங்கோ.