இரண்டு இழுப்பு

அண்ணே,

இன்று காலை திரேஸ்புரத்தில் வள்ளத்தை விட்டு இறங்கியபோது சங்குச் சதை காய்கிற வாடை முகத்தில் அடித்தது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. அதற்குமேல் ஓர் எட்டுகூட எடுத்துவைக்க முடியவில்லை.

உனக்கு மனச்சிதைவு என்று டாக்டர் சொன்ன நாளை நினைத்தேன். "ஒரு வார்த்தையைக் கேட்டா, அதுக்குப் பக்கத்து வார்த்தையும் நம்ம மனசுல லேசா முழிச்சுக்கும். உப்புன்னா கடல், உப்பளம். உங்க அண்ணனுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிறதும் சேர்ந்து முழிச்சுக்குது" என்றார். பேச்சு வழிமாறினால் கோபப்படாமல் கேட்ட கேள்விக்கே திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். நான் கோபப்படாத நாள் குறைவு. ஆனால் திருப்பிக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன் ஆனேன். அதில் கொஞ்சம் பெருமைகூட எனக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டை உன் முன்னால் வைத்து, "குழம்பு ஊத்தவா?" என்றேன்.

"நெஞ்சுல கல்லு கெடக்குலே. கல்லுன்னா கடலுக்கடியில பாறை, அதான் பாரு. பாருல சங்கு. சங்கு ஊதினா மில்லு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஊத்தவா, வேண்டாமா?"

உன் நெற்றி வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இரண்டு முறை இழுத்தாய். பதினோரு வருடம் நீ சங்கு குளிக்க இறங்கியபோதெல்லாம் வள்ளத்தில் உன் கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். இரண்டு இழுப்பு வந்தால் காரணம் கேட்கக் கூடாது, உடனே தூக்க வேண்டும். அடியில் இருக்கிறவனால் வாய் திறந்து கேட்க முடியாது. அப்படிப்பட்ட நான் உன் விரல்களைப் பிரித்துவிட்டு, "மொதல்ல பதில் சொல்லுண்ணே" என்றேன். நீ தட்டின் மேலேயே சாய்ந்தாய்.

ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய் என்று சொல்லிவிட்டு, "நெஞ்சு வலின்னு முன்னாடி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்கள். அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இன்றும், "பாவி மவனுக்கு வலியைச் சொல்லத் தெரியலியே" என்று அழுகிறாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

நீ சொன்னாய், அண்ணே. முதல் வார்த்தையிலேயே தெளிவாகச் சொன்னாய். இரண்டு வருடமாக அதை அம்மாவிடம் சொல்ல வாயெடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.