லேசாகச் சாய்ந்த பல்

கடலூர் முதுநகர்
ஆகஸ்ட் 19

அன்புத் தோழி ஜான்சிக்கு,

உறையின் மேல் கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே எனக்கு நீ ஜான்சிதான். கடிதத்தை மதர் முதலில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்பது தெரியும். அவருக்கும் என் வணக்கம். இது முழுக்க என் பல்லைப் பற்றிய கடிதம், பொறுத்துக்கொள்ளச் சொல். எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

நீ துறவியாக வார்த்தைப்பாடு கொடுத்து ஐம்பது ஆண்டு நிறைகிற விழாவுக்கு வரச்சொல்லி உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பூசை முடிந்ததும் வாழ்த்துரையை நான்தான் பேச வேண்டும், பள்ளிக்கூட மேடையில் பேசிய அந்தக் குரல் வெளியாட்களிடமிருந்து உங்களைப் பிரிக்கிற கம்பித் தடுப்பைத் தாண்டி உங்கள் பக்கம் வரை கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இத்தனை மாதம் நான் பதில் போடவில்லை. வருகிறேன் என்று எழுத முடியவில்லை, வரவில்லை என்று எழுத மனம் வரவில்லை.

மாட்டுப் பொங்கலன்று வீட்டில் கரும்பு வெட்டினார்கள். என் மருமகள் இலக்கியா, "துண்டு போட்டுத் தரட்டா அத்தை, இல்ல சாறு புழிஞ்சி தரட்டா?" என்று கேட்டாள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டாள். நான்தான் முழுக் கரும்பை வாங்கி, கணுவோடு சேர்த்துக் கடித்தேன். ஒடிகிற சத்தம் கேட்டது. கரும்பு அப்படியே இருந்தது. மேல் முன்பற்களில் ஒன்று பாதியாக உடைந்து உள்ளங்கையில் கிடந்தது. பக்கத்துப் பல்லும் அடிபட்டு ஆடியது.

அதற்கப்புறம் செய்ததைக் கேட்டுச் சிரிக்காதே. என் பீங்கான் கோப்பையின் காது உடைந்தபோது ஒட்டிய பசை மிச்சம் இருந்தது. கண்ணாடி முன் நின்று, அதைத் தொட்டு, உடைந்த துண்டை நானே ஒட்டிக்கொண்டேன். கோப்பையில் அந்தக் காது இன்றும் நிற்கிறது. என் வாயில் பொங்கல் வாரம் தாண்டுவதற்குள் துண்டு கழன்று, ஈறு வீங்கி, கன்னம் ஒரு பக்கமாகப் பருத்துவிட்டது.

அதிலிருந்து முந்தானையால் வாயை மூடியே பேசினேன். பேசினால் காற்றுதான் வந்தது. மகன் கார்த்திகேசன் வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து போனில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பான். கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். உன் விழா மேடையில் இந்த வாயோடு நிற்பதைவிட வராமல் இருப்பதே மேல் என்று முடிவு செய்திருந்தேன்.

டாக்டரிடம் போகாததற்கு வலி காரணமில்லை. என் வீட்டுக்காரரை நீ பார்த்ததில்லை. கடைசிப் பத்து வருடம் அவருக்குப் பல் செட்தான். படுக்கப் போகும்போது கழற்றி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார். அவர் போன அன்று காலையில் எல்லாரும் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குள் போனேன். அலமாரியில் டம்ளருக்குள் அவர் சிரிப்பு மட்டும் தனியாக இருந்தது. அந்த டம்ளரை அதன்பின் யாருக்கும் தண்ணீர் கொடுக்க எடுத்ததில்லை. எனக்கு அப்படி ஒரு டம்ளர் வேண்டாம்.

இலக்கியா என்னைக் கேட்கவில்லை. வங்கிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, "கெளம்புங்க அத்தை, செதம்பரம் போறோம்" என்று நின்றாள். அங்கே பல் மருத்துவக் கல்லூரியில் திருவிழாக் கூட்டம். வாசலில் இருந்த ஆள், "ஆயா, சீட்டக் காட்டிட்டு ஓரமா ஒக்காரு" என்றான். நான் யாருக்கும் ஆயா இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பல் இல்லாத ஆங்கிலம். அவன், "இன்னா சொல்லுது?" என்று இலக்கியாவைக் கேட்டான். அவள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

என்னைப் பார்த்தது வெண்மதி என்ற பெண். புவனகிரிக்காரி, படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கிறாள். நாற்காலியில் சாய்வதற்கு முன், இதுவரை எத்தனை பேருக்கு முன்பல் வைத்தியம் பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். "உங்களையும் சேத்தா ரெண்டும்மா" என்றாள். பொய் சொல்லாத பெண் என்று சாய்ந்துகொண்டேன். வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டவள், "இத யாரும்மா ஒட்டுனது?" என்றாள். நான்தான் என்றேன். "நேராத்தான் ஒட்டியிருக்கீங்க. நான் ஃபர்ஸ்ட் இயர்ல ஒட்டுனது இதவிட கோணல்" என்றாள்.

படம் எடுத்துத் திரையில் காட்டினாள். ஜான்சி, எழுபத்து நான்கு வயது வரை என் பல்லுக்கு வேர் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிரக் கண்டதில்லை. சாம்பல் நிறத்தில், அவ்வளவு நீளமாக, எலும்புக்குள் இறங்கி நின்றது. வெளியே தெரிகிற பல்லைவிட மறைந்திருப்பது பெரிது. உடைந்த பல்லுக்கு வேரிலும் விரிசல். அதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள். பக்கத்துப் பல்லுக்கு நரம்பு செத்துவிட்டது, ஆனால் வேர் திடமாக இருக்கிறது, காப்பாற்றிவிடலாம் என்றாள்.

எடுத்த இடத்தில் செட்தான் என்றால் என்னை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடு என்றேன். ஏன் என்று கேட்டாள். மருமகளிடம்கூடச் சொல்லாத டம்ளர் கதையை, கழுத்தில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இலக்கியா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெண்மதி கையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். பிறகு, "கழட்டுற மாதிரி வேணாம்மா. பிரிட்ஜ் கட்டிரலாம். ஒங்களோடவே இருக்கும்" என்றாள். நம் உப்பனாற்றுப் பாலம் மாதிரிதான்: இல்லாத பல்லுக்கு இரண்டு பக்கத்துப் பற்களும் தூணாக நிற்கும். எலும்பில் திருகாணி இறக்கி அதன் மேல் பல் வைக்கும் முறையும் இருக்கிறதாம். எனக்கு எலும்பு மெலிந்துவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, அது ஒத்துவராது என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார்.

உடைந்த பல்லை எடுத்து, புண் ஆறும் வரை ஒரு தற்காலிகப் பல்லை வைத்துவிட்டு, செத்த நரம்பைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த கம்பிகள். பல்லின் உள்ளே இருக்கிற பாதையும் அவ்வளவு குறுகல். கம்பி வேரின் நுனியைத் தொடப்போகும்போது பக்கத்திலிருந்த சின்ன இயந்திரம் கீச்கீச் என்று கூவி நிறுத்தச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பெண்ணின் விரல் வழி கண்டுபிடித்துப் போகிறது. எனக்கோ ஒரு எறும்பு கடித்த வலிகூட இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பயம் போய்விட்டது. கோயிலில் திரை விலகும்போது மூச்சு நிற்குமே, அப்படி. சொத்தையாகிப் போன கடைவாய்ப் பல்லையும் அடைத்தாள். மெழுகு போல மெத்தென்று வைத்து, நீல வெளிச்சத்தைக் காட்டினாள். எண்ணிப் பத்து முடிவதற்குள் அது கல்லாகிவிட்டது. வெளிச்சம் பட்டுக் கல்லாகிறது, ஜான்சி! நமக்கு விஞ்ஞானம் நடத்திய சிஸ்டரிடம் சொல்லியிருந்தால் முட்டி போட வைத்திருப்பார்.

பாலத்துக்கு அச்செடுத்து, நிறம் பார்த்தாள். கோத்து வைத்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்தாள். நான் நல்ல வெள்ளையைக் காட்டினேன். "அது வேணாம்மா. மத்த பல்லெல்லாம் அதப் பாத்து கூச்சப்படும்" என்று பழுப்பில் ஒன்றை எடுத்தாள்.

செய்து வந்த பாலத்தை வைத்துப் பார்த்தோம். வரிசை தப்பாத, அழகான பற்கள். இலக்கியா, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி இருக்கிறேன் என்றாள். கண்ணாடியில் வேறு யாரோ இருந்தாள். எனக்கு இது வேண்டாம், என் பல் லேசாகச் சாய்ந்திருக்கும் என்றேன். வெண்மதிக்கு ஆச்சரியம். எல்லாரும் நேராக்கச் சொல்லி வருவார்கள், நீங்கள் சாய்க்கச் சொல்கிறீர்களே, எப்படிச் சாய்ந்திருந்தது, படம் ஏதாவது இருக்கிறதா என்றாள்.

கல்யாணப் படத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற படங்களிலும் அப்படியே. பல் தெரிய நான் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நீ மடத்துக்குப் போவதற்கு முந்தின நாள் ஸ்டூடியோவில் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோமே, அது. சிரிக்காதீர்கள் என்று அந்த ஆள் அதட்டியதும் நீ என் காதில், "ஏய் தில்லை, அந்த ஆளுக்கே ரெண்டு பல்லு இல்ல, அந்தப் பொறாமதான்" என்றாய். உன்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அந்த நொடியில் அவர் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை வெண்மதி விளக்கில் பிடித்துப் பார்த்தாள், பெரிதாக்கினாள், பேராசிரியரிடம் கொண்டுபோனாள். பல் செய்கிற இடத்துக்கு அனுப்பி, மறுபடி செய்யச் சொன்னாள். ஆடி மாதம் அது வந்தது. அவளும் என்னைப் போல ஒட்டத்தான் செய்தாள்; பசைதான் வேறு. கண்ணாடியைக் கொடுத்தாள். உள்பக்கமாக ஒரு நூலளவு சாய்ந்த பல். ஸ்டூடியோவில் உன் பக்கம் திரும்பிய அதே பெண், முகம் மட்டும் சுருங்கி, என்னைப் பார்த்தாள். நான் அழவில்லை. இலக்கியாதான் அழுதாள்.

உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது பேசச் சொன்னாள் வெண்மதி. எழுந்து நின்று, உனக்காக மனதுக்குள் எழுதி வைத்திருந்த வாழ்த்துரையை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். ஒரு எழுத்தும் வழுக்கவில்லை. பக்கத்து நாற்காலிகளில் இயந்திரச் சத்தம் நின்றது. வாசலில் இருந்தானே அந்த ஆள், உள்ளே எட்டிப் பார்த்து, "ஆயா பேசுச்சா இது?" என்றான். இந்த முறை நான் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இலக்கியா அந்த எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, அதில் காபி ஆற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

எனவே வருகிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி உன் விழாவுக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். கார்த்திகேசன் அழைத்து வருகிறான்.

ஜான்சி, உன் கடிதத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. கண்ணுக்கு மருந்து போடுவதாக ஒரு வரி எழுதி, அதை அடித்திருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மதரிடம் மட்டும் என் சார்பில் ஒன்று கேள். பார்வையாளர் அறையில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் தொங்குகிற திரையை அன்று விலக்கி வைக்கட்டும். காலை நேரமாக இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற இடத்தில் நான் நிற்கிறேன். நீ கம்பிக்குப் பக்கத்தில் வந்து நில். அவசரமில்லை, நீ பார்த்து முடிக்கும் வரை சிரித்துக்கொண்டே நிற்பேன்.

உன் தேவன் உன் கண்களைக் காக்கட்டும். நானும் தில்லைக் கோயிலில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்றும் உன்,
தில்லையம்மாள்