அம்பு விழுந்த வீடு

காலையில் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்தால் மண்ணெண்ணெய் கலந்த சாயத்தின் வாடை. பஞ்சாயத்து ஆட்கள் இரண்டு பேர் நம் சுவரில் இருந்த பழைய அம்புக்குறியின்மேல் புதுச் சிவப்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் வெளுத்து, தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆகிவிட்டிருந்த அம்பு அது. "இன்னாப்பா, ரோடு வருதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதும்மா. சாயம் போயிடுச்சாம், பூசச் சொன்னாங்க" என்றான் ஒருவன். தெருவை அகலமாக்குகிற உங்கள் செஞ்சித் திட்டம் இத்தனை வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நீங்கள் அங்கிருந்து கேட்டால் நான் சொல்லக்கூடிய பதில் அதுதான். சாயம் போயிருந்தது, பூசிவிட்டார்கள்.

எனக்கு இன்றைக்குக் கோபம் அதிகம். அதனால்தான் உங்களோடு பேச உட்கார்ந்தேன். உயிரோடு இருந்த காலத்தில் பாதிப் பேச்சில் எழுந்து சைக்கிள் கடைக்குப் போய்விடுவீர்கள். இப்போது அப்படிப் போக முடியாது.

முதலில் தனத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நான் அழைத்துவர வேண்டும். போன வாரம் மேல்மலையனூரிலிருந்து சம்பந்தியம்மா வந்தார். கூடத்தில் நுழைந்ததும், விரிசல் விட்ட உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிற பனங்கட்டையைப் பார்த்தார். அதற்கப்புறம் காபித் தம்ளரைக் கையில் பிடித்தபடி வாசல் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். கிளம்பும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்சப்புள்ளய இதுக்குக் கீழ எப்படிப் போட்டுக்கறது? அவ எங்க ஊட்லயே பெத்துக்கட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். தாய்வீடு இருந்தும் பெண் தலைப்பிரசவத்துக்கு வரவில்லை என்றால் ஊர் நாலு விதமாகப் பேசும், அது கிடக்கட்டும். வலி வருகிற நேரத்தில் அவளுக்கு என் கை வேண்டாமா?

இதையெல்லாம் எதற்காக ஆரம்பித்தீர்கள் என்பதை நான் மறந்துவிடவில்லை. அந்த அமாவாசையில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் கடைத்தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. எதிரே திண்டிவனத்திலிருந்து வந்த லாரிகள். நடுவில், ஆஸ்பத்திரிக்குப் போக சிங்கவரத்திலிருந்து புறப்பட்ட ஒரு மாட்டுவண்டி, முன்னாலும் நகராமல் பின்னாலும் நகராமல். வண்டிக்குள் வலி எடுத்த பெண். கடைசியில் நம் கடை வாசலில்தான் பிரசவம் ஆயிற்று. நான் என் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வாடகை சைக்கிள்களைத் தெருவில் இறக்கி வரிசையாக நிறுத்தி, கூட்டத்தை அந்தப் பக்கம் தள்ளினீர்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை அழவில்லை. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. "தெரு அகலமா இருந்திருந்தா அது அழுதிருக்கும்" என்றீர்கள்.

அப்புறம்தான் பஞ்சாயத்து மெம்பருக்கு நின்று ஜெயித்தீர்கள். கடலூரிலிருந்து அதிகாரிகள் வந்து அளந்து, பெரிய வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். அகலமான கடைத்தெரு, இரண்டு பக்கமும் சாக்கடை, குடிதண்ணீர்த் தொட்டி, புது பஸ் ஸ்டாண்டு, குளத்துப் பக்கம் பூங்கா என்று இருபது வருஷத்துக்கான ஊர் அதில் இருந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம் போட்டு எந்தெந்த வீடு கோட்டுக்குள் வருகிறது என்று படித்தபோது தெருவே எழுந்து கத்தியது. நீங்கள் எழுந்தீர்கள். "என் ஊடும் அதுலதான் இருக்குது. மொதல்ல அத எடுத்துக்குங்க" என்றீர்கள். சத்தம் அடங்கிப் போயிற்று. பொய் சொல்வானேன், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் கோட்டில் வரும் வீடுகளில் எல்லாம் அம்பு போட்டார்கள். உங்களுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம். கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது காலால் தரையில் கோடு கிழிப்பீர்கள். "இந்தா பாரு, ரோடு இது வரிக்கும் வருது. நீ இப்ப சாக்கடை மேல உக்காந்து சோறு போடற" என்பீர்கள். தனம் கூடத்தில் படுத்துத் தூங்கினால் "எழுந்திரு கண்ணு, பஸ் வருது" என்று எழுப்புவீர்கள். அவள் சிரிப்பாள். சாப்பிடுகிற இடத்தில் சாக்கடைப் பேச்சு எதற்கு என்று நான் திட்டுவேன்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டி வந்தது, தண்ணீரும் சில நாள் வருகிறது. தெருவிளக்கு வந்தது. பூங்காவுக்குக் கம்பிவேலி போட்டார்கள், உள்ளே ஆடுகள் நிம்மதியாக மேய்கின்றன. சாக்கடை பாதித் தெரு வரைக்கும் வந்து நின்றுவிட்டதால் மேல்பாதியின் அழுக்கெல்லாம் அந்த நின்ற இடத்தில் தேங்குகிறது. ரோடு மட்டும் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே போயிற்று. இடிக்கப்போகிற வீடு என்று யாரும் ஓடு மாற்றவில்லை, பொங்கலுக்குச் சுண்ணாம்பும் அடிக்கவில்லை. நம் தெருவைப் பார்த்து மற்றத் தெருக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அம்பு விழுந்த வீடு என்றால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசித்தார்கள். தனத்தின் கல்யாணத்துக்கு நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம் ஒவ்வொருவராகப் பொறுமை இழந்தார்கள். ஒருவர் அம்பின்மேல் சுண்ணாம்பு அடித்தார், கேட்பார் இல்லை. அடுத்தவர் மாடியே கட்டினார், அதற்கும் கேட்பார் இல்லை. பக்கத்தில் தகரப் பெட்டிக் கடை வைத்திருக்கிற காதர் பாய் உங்கள் பேச்சைக் கேட்டு ரொம்ப நாள் தாக்குப்பிடித்தார். கடைசியில் நம் கூடத்துக்கு வந்து நின்றார். "அண்ணே, பையனுக்கு நிக்காஹ் வெச்சிருக்குது. மழை வந்தா உள்ள குடை புடிக்கணும். நான் கூரைய மாத்திக்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். அவர் உங்களிடம் உத்தரவு கேட்க வேண்டிய அவசியமே இல்லை, மரியாதைக்குக் கேட்டார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நிக்காஹ் பிரியாணிக்கும் போகவில்லை, என்னையும் விடவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நம் உத்திரம் விரிசல் விட்டது அதற்கு அடுத்த மழையில். மாற்றிவிடலாம் என்று நான் எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். பனங்கட்டையைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்துவிட்டு, "நானே மாத்தினேன்னு வெச்சிக்கோ, மெம்பரே மாத்திட்டாருன்னு மிச்சம் இருக்கறவனும் கட்ட ஆரம்பிச்சுடுவான். அப்புறம் ரோடு எங்க வரும்?" என்றீர்கள்.

"ஊரு நல்லா இருக்கணும், ஊரு நல்லா இருக்கணும்னு சொல்றீங்களே, நானும் எம்பொண்ணும் ஊர்ல சேத்தி இல்லியா?" என்று கேட்டேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டீர்கள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. உங்களைக் கூடத்தில் கிடத்த முடியவில்லை. "உள்ள ஜனம் கூடினா தாங்காது அண்ணி, அண்ணன வெளிய வெச்சிடலாம்" என்று சொன்னது காதர் பாய்தான். தூறலில் பந்தல் போட்டுத் தெருவில் கிடத்தினோம். அந்த வழியாக வந்த திருவண்ணாமலை பஸ் ஒதுங்கிப் போக இடமில்லாமல் வந்த வழியே பின்னாலேயே போயிற்று. டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

இன்றைக்குக் காலையில் அந்தச் சாயம் காய்வதற்குள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்விட்டேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள் ஆபீஸ் படி ஏறுகிறாளே என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். தலைவர் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. மேஜையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. நீங்கள் காலால் கிழித்துக் காட்டிய அந்த நேர்கோடு அதில் நேராக இல்லை. மாடி வீடு வந்ததும் எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது. அங்கே பெரிய மனிதர் வீடு வந்தால் மறுபடி இந்தப் பக்கம் வருகிறது. நம் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கூடத்துக்கு நடுவில் புகுந்து போகிறது.

"ஏன் தம்பி, கோடு இன்னாத்துக்கு இப்படிப் போவுது?" என்று புதிதாக வந்திருக்கிற இளம் இன்ஜினியரைக் கேட்டேன்.

"அவங்கல்லாம் ஆட்சேபணை மனு கொடுத்திருக்காங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் சம்மதம்னு சொல்லியிருக்கார். கட்டடமும் பழசு, இடிக்கறது சுலபம்" என்றார். பாவம், அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

"அப்ப நூல எடுத்துக்கினு வாங்க. தெருவுக்கு இந்தக் கோடியில ஒரு ஆணி அடிங்க, அந்தக் கோடியில ஒண்ணு. நடுவுல நேரா கட்டுங்க. எந்த ஊட்டத் தொட்டாலும் அது போவட்டும். மொதல்ல எங்க ஊடு. ஒருத்தர் வாசல்ல நூலு வளைஞ்சாலும் எங்க வாசல்லயும் வளையணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தலைவர் இன்ஜினியரைப் பார்த்து, "இவங்க ஊட்டுக்காரரும் இதேதான் சொல்லிக்கினு இருந்தாரு, ஒவ்வொரு கூட்டத்துலயும்" என்றார். பிறகு என்னிடம், "அடுத்த கூட்டத்துல வெச்சிப் பேசலாம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். கடைசி வருஷத்தில் கூட்டம் முடிந்து வந்தால் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள் என்று இன்றைக்கு விளங்கியது. கோடு வளைவதைப் பார்த்துவிட்டீர்கள். மாதாமாதம் அங்கே நின்று தனியாகச் சண்டை போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். திட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வேறென்ன செய்துவிடப் போகிறேன்?

திரும்பி வந்ததும் காதர் பாயைக் கூப்பிட்டு ஆசாரியை அழைத்துவரச் சொன்னேன். மத்தியானமே வந்துவிட்டார்கள். ஆசாரி ஏணி போட்டு ஏறி, உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சவுக்குன்னா சுளுவா முடிஞ்சிடும், ரோடு வர்ற வரிக்கும் தாங்கும். நல்ல வேம்புன்னா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும். எது போடட்டும்?" என்று கேட்டார்.

"சவுக்கே போதும் அண்ணி. என்னிக்கோ ஒரு நாளு இடிக்கப் போறாங்க" என்றார் காதர் பாய். நீங்கள் கொடுத்த வாக்கை நான் மீறிவிடுவேனோ என்று அவருக்குப் பயம். உங்களிடம் பட்டவர் அல்லவா?

"வேம்பே போடுங்க. ஊருக்குக் குடுக்கறது நல்ல ஊடா இருக்கணும்" என்றேன்.

காதர் பாய் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நீங்கள் கொடுத்த வாக்கு இனி என் வாக்கு. அது என்னோடு இருக்கிறது, எந்த ஆட்சேபணை மனுவிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நூலை நேராகக் கட்டுகிற அன்றைக்குப் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே இறங்கி வந்துவிடுவேன். இடிக்க வருகிறவர்கள் வெள்ளையடித்த சுவரை, ஒழுகாத கூரையை, ஆட்கள் நன்றாக வாழ்ந்த வீட்டை இடிக்கட்டும். அது வரைக்கும் நாங்களும் இந்த ஊரில் சேர்த்திதான். உத்திரம் ஏறியதும் தனத்தை அழைத்துவர பஸ் ஏறுகிறேன்.